கீழ்ச்செட்டுக்கும் ஒரு பிடி

திருவனந்தபுரம் வலியசாலை என்றால் காந்தளூர் மகாதேவர் கோயில், அதையொட்டிய தமிழ் அக்கிரகாரம். முறுக்கையும் சீடையையும் எழுபது வயதிலும் கைவிட மனம் வராத தெருக்கள். ஆனால் கடிக்கப் பல் வேண்டுமே.

கேரள சமூக நீதித் துறையின் ‘மந்தஹாசம்’ திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு இலவசமாகப் பல்செட் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் மேல்செட் அண்ணத்தைப் பற்றி நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நாக்கு தள்ளும், கன்னம் இழுக்கும். பல் போன எலும்பு வருடா வருடம் தேய, செட் மேலும் ஆடும். கடைசியில் பலர் அதைத் தண்ணீர் டம்ளரிலேயே விட்டுவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி, தாடையெலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு, அதாவது இம்ப்ளான்ட். டைட்டானியம் எலும்போடு பிணைவதை 1950களில் முயல்களிடம் கண்டவர் சுவீடன் ஆய்வாளர் பிரோனமார்க். 1965இல் மனிதத் தாடையிலும் பொருத்தினார். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் தாங்கும் செட்டே முதல் தேர்வு என்றார்கள். சட்டைப் பித்தான் போல ‘டக்’கென்று மாட்டலாம், கழற்றிக் கழுவலாம்.

இரண்டே போதும் என்பது விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவதில்லை!

தடை விலைதான். 1959இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அதன் துணையோடு, கீழ்ச்செட் நிற்காதவர்களுக்கு மட்டுமாவது இரண்டு இம்ப்ளான்ட் என்று மந்தஹாசத்தை விரிவாக்கலாம். கட்டுக்கடங்காத சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்களை முன்கூட்டியே சோதித்தறிய வேண்டும். பொருத்திய பிறகான பரிசோதனைக்கும் அதே பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும்.