போதுமென்ற மனம் யாருக்கு?

ஏலக்காய் சீசனில் போடி தாலுகாவின் ராசிங்காபுரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்கும். தூக்குவாளியில் சோறு, தலைக்கு ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். பெண்கள்தான் அதிகம். மலையேறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளப் பக்கத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். ஜீப்பில் அளவுக்கு மீறி ஆள் ஏறும். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். அதனால் பகல் முழுக்கக் குனிந்தே வேலை. அட்டைக் கடி வேறு. வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும்.

இவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வந்து உட்கார்ந்தால் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அன்பாயிருங்கள். இருப்பது போதுமென்று இருங்கள். ஆவியின் வரங்களை நாடுங்கள்.

மூன்றுமே நல்ல போதனைகள்தான். ஆனால் மூன்றும் தப்பான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

போதும் என்று யார் சொல்ல வேண்டும்?

முதலில் போதுமென்ற மனதை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதற்குப் பழமொழியே இருப்பதால் பிரசங்கியாருக்கு வேலை சுலபம். கூலி குறைவா? போதுமென்று இரு. ஓலைக் கூரை ஒழுகுகிறதா? பரலோகத்தில் மாளிகை இருக்கிறது. கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். ஏற்கெனவே போதாமையிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்குத் தலையாட்டுவது ஒன்றும் புதிதில்லை.

ஆனால் வேதத்தைத் திறந்து பாருங்கள். எந்த நிலைமையிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது அவர் காவலில் இருந்தார். அது தன்னைப் பற்றி அவர் சொன்னது. பட்டினி கிடந்த இன்னொருவனுக்கு அவர் அதை உபதேசமாகக் கொடுக்கவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் உணவும் உடையும் போதும் என்று சொல்கிறார். யாரைக் குறித்து? பக்தியை வருமானத்துக்கு வழியாக நினைக்கிறவர்களைக் கண்டித்துவிட்டு, ஐசுவரியவான்களாக ஆசைப்படுகிறவர்களை எச்சரிக்கும் இடத்தில். அதே அதிகாரத்தின் முடிவில் பணக்காரர்கள் தாராளமாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று கட்டளையே இருக்கிறது.

"சம்பளம் போதும் என்று இரு" என்கிற போதனையும் சுவிசேஷத்தில் உண்டு. யோவான் ஸ்நானகன் சொன்னது. யாரிடம்? கூலிக்காரர்களிடம் அல்ல. ஆயுதம் வைத்திருந்த போர்ச்சேவகர்களிடம். ஜனங்களை மிரட்டிப் பிடுங்காதே, உன் சம்பளத்தோடு நில் என்பதுதான் அதன் பொருள். கூலிக்காரனைப் பற்றி என்ன இருக்கிறது என்றால், யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூப்பாடு போடுகிறது, அந்தக் கூப்பாடு கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்கிறார் யாக்கோபு. வருஷத்துக்கு எத்தனை ஞாயிறு இந்த வசனத்தின் மேல் பிரசங்கம் நடக்கிறது?

ஏலக்காய்க்கு வருவோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழிந்தன. அடுத்த வருஷம் மழையும் பிந்தியது. வரத்து குறைந்து, 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் ஒரு கிலோ காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. அதுவரை யாரும் பார்க்காத விலை. நஷ்டப்பட்ட தோட்டக்காரர்கள் நிறையப் பேர். காயை இருப்பு வைத்திருந்து லாபம் பார்த்தவர்களும் உண்டு. விலை அப்படி ஏறிய மாதங்களில் கூலி எத்தனை தடவை ஏறியது என்று ஜீப்பில் போகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "போதும்" என்கிற பிரசங்கம் தேவைப்பட்ட இடம் ஏல மையமும் கமிஷன் கடையும். அது போய்ச் சேர்ந்த இடமோ கடைசி பெஞ்சு.

"ஏழைக்கும் போதுமென்ற மனம் வேண்டாமா? கடன் வாங்கிக் கல்யாணம் செய்து, வட்டி கட்ட முடியாமல் குடும்பம் நாசமாகிறதே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆடம்பரத்துக்குக் கடன் வாங்காமல் இருப்பது நல்ல புத்தி. ஆனால் தன் ஆசையை அடக்கச் சொல்வது வேறு, தன் உரிமையை அடக்கச் சொல்வது வேறு. முதலாவது பக்தி. இரண்டாவது முதலாளிக்குச் செய்கிற ஊழியம்.

வரங்கள் எங்கே போகின்றன?

அடுத்தது வரங்கள். போஸ்டர்களைப் பாருங்கள். கோட் சூட் போட்ட ஊழியர், மேடை, மைக், அற்புதம், அபிஷேகம். வரம் என்றால் மேடையில் நடப்பது என்றே பிள்ளைகள் நினைத்து வளர்கிறார்கள்.

வரங்களைப் பற்றிய பெரிய அதிகாரங்கள் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருக்கின்றன. கொரிந்து கிரேக்க நாட்டின் துறைமுகப் பட்டணம். காசு புழங்கிய ஊர். 12-ம் அதிகாரம் வரங்கள், 13 அன்பு, 14 மறுபடி வரங்கள். அன்பின் அதிகாரத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறவர்கள் அது இரண்டு வரச் சண்டைகளுக்கு நடுவில் இருப்பதைக் கவனிப்பதில்லை. அதற்கு முந்தின 11-ம் அதிகாரத்தை இன்னும் குறைவாகவே கவனிக்கிறார்கள். அங்கே என்ன பிரச்னை? சாப்பாடு. கர்த்தருடைய பந்திக்குச் சிலர் முன்னதாகவே வந்து வயிறு முட்ட உண்டு வெறித்திருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அங்கே அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து பிந்தித்தான் வர முடியும் என்று பல வேத அறிஞர்கள் விளக்குகிறார்கள். பவுல் சொன்ன தீர்வு சின்னது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இப்போது அந்த ஜீப்பை நினைத்துப் பாருங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு உபவாசக் கூட்டம் வைத்துவிட்டு, "வேலைக்காரப் பெண்களுக்கு ஜெப ஆவியே இல்லை" என்று குறைப்படுகிற சபைக்குப் பவுல் என்ன எழுதியிருப்பார்?

வரங்கள் கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906-ல்தான் நடந்தது. அதற்கு 46 வருஷம் முன்பே, 1860-ல், இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழே வத்திராயிருப்பு வட்டாரத்துக் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஜனங்களிடையே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் உண்டானதாகப் பதிவாகியிருக்கிறது. அருளப்பன் வெள்ளைக்கார மிஷனின் சம்பளத்துக்கு வேலை செய்தவர் அல்ல. எழுப்புதலுக்குப் பிறகு அவருடைய ஜனங்கள் சம்பளம் இல்லாமலே ஊர் ஊராகப் போனார்கள். வரம் வந்ததும் அவர்கள் மேடை போடவில்லை, நடந்தார்கள். இன்று வரத்தோடு காணிக்கைப் பையும் சேர்ந்தே வருகிறது.

பவுலின் வரப் பட்டியலில் குணமாக்குதலுக்கு அடுத்து ஒரு சொல் இருக்கிறது: உதவி. அதற்கு யாரும் போஸ்டர் அடிப்பதில்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேற வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அன்று முதலில் மலைமேல் ஓடிக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் உள்ளூர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். அவர்கள் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. நல்ல சமாரியன் கதையிலும் நின்று உதவியவன் "நம்ம ஆள்" இல்லை. உதவுகிற வரம் இந்த மலைச்சரிவில் ஏராளமாக இருக்கிறது. சபைதான் அதை வரமாக எண்ணுவதில்லை.

அன்புக்கு ஒரு பரீட்சை

கடைசியாக அன்பு. அன்பைச் சோதிப்பது கஷ்டம் என்பார்கள். மதுரை வட்டாரத்தில் ஊழியம் செய்த அமெரிக்கன் மிஷன் 1847-ல் அதற்குச் சுலபமான வழி வைத்திருந்தது. சாதியை விட்டவன்தான் சபை அங்கத்தினன் என்று தீர்மானித்து, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் அன்பின் விருந்தை அதற்கு அடையாளமாக்கியது. பாட்டும் ஜெபமும் பழகிப்போன பலர் இலை போட்டதும் எழுந்துபோனார்கள். உபதேசியார்களும் அதில் உண்டு.

அது பழங்கதை என்று தள்ளிவிடலாமா? 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே கோவிலில் சமமாக நடத்தப்படாததால் வந்த கோரிக்கை அது. கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள். தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிற ஊரில் 13-ம் அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதில் என்ன அர்த்தம்?

அன்றாட வாழ்க்கையில் இதை நடத்திக் காட்ட அற்புதம் எதுவும் வேண்டாம். தோட்டமும் கடையும் வைத்திருக்கிற கிறிஸ்தவர் நல்ல விலை கிடைத்த வருஷம் கூலியை உயர்த்தட்டும், அதுதான் போதுமென்ற மனம். ஜீப் வந்து சேர்ந்தபிறகு கூட்டத்தைத் தொடங்கட்டும், அதுதான் காத்திருத்தல். காய்ச்சலில் கிடக்கிற கூலிக்காரியின் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சோறு ஆக்கிப் போடுகிற பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன வரம் என்று சபை பெயர் சொல்லட்டும். பந்தி ஒன்றாகவும் கல்லறை ஒன்றாகவும் இருக்கட்டும்.

இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் கடைசி பெஞ்சைப் பார்த்து "போதுமென்றிரு" என்று சொல்கிற வாய்க்கு, முதலில் யாராவது "போதும்" என்று சொல்ல வேண்டும்.