பிள்ளைகளின் மாலைப் பொழுதைப் பறித்தவர் யார்?

சென்ற மீலாது விழாவினையொட்டித் திருவாரூருக்கு அணித்தேயுள்ள ஊரொன்றின் ஜமாஅத்தார் மாணவர்களுக்கென ஒரு பேச்சுப் போட்டி நடத்தினர். நடுவராக அமர்ந்த மூவருள் யாமும் ஒருவர். ‘இன்றைய மாணவனும் நாளைய சமுதாயமும்’ என்பது தலைப்பு. பேசிய பிள்ளைகள் பலரும் நாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவற்றையே, சொல்லப் போனால் நாமே எழுதிக் கொடுத்தவற்றையே, ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவித்துச் சென்றனர். பதினோராம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவன் மட்டும் கையில் தாளின்றி வந்து நின்று, ஐந்து நிமிடத்தில் மூன்று செய்திகளைச் சொன்னான்.

எங்களுக்கு விளையாட நேரமில்லை என்றான். காலையில் டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், அஸருக்குப் பின் ஓதல், மஃரிபுக்குப் பின் மீண்டும் டியூஷன். பள்ளியின் கால அட்டவணையில் விளையாட்டுப் பீரியடு உண்டு. பரீட்சை நெருங்கினால் அது கணக்காசிரியருக்குப் போய்விடும். அடுத்து, பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். அதிலும் ஆட்டத்தைவிட ஆட்டக்காரனின் ஏலத் தொகைதான் செய்தி என்றான். கடைசியாக, படிப்பைப் பற்றி: “நான் என்ன படித்தேன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை; எத்தனை மார்க் என்றுதான் கேட்கிறார்கள். ஹஜ்ரத்மார்களும் எத்தனை ஜுஸ்வு முடித்தாய் என்றுதான் கேட்கிறார்கள்” என்று சொல்லி, ஸலாம் கூறி இறங்கிவிட்டான்.

சபையில் சிறிது நேரம் பேச்சில்லை. நடுவருள் ஒருவர், தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்றார். மற்றவர், பெரியோர் முன்னிலையில் பேசும் பேச்சா இது என்றார். யாம் ஒன்றும் கூறாது மதிப்பெண் தாளில் ஒப்பமிட்டோம். அவனுக்குப் பரிசு இல்லையென்றாயிற்று. அந்த ஒப்பம் எம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

அவன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? ‘அடக்கமில்லை’ என்று தள்ளியவர்கள், ‘உண்மையில்லை’ என்று சொல்லத் துணிந்தார்களா? அடக்கத்தைக் காரணமாகக் காட்டி உண்மையை ஒதுக்குவது நம் சமுதாயத்தில் நெடுநாளாக நடந்துவரும் காரியம். விளையாட்டு வீண்வேலை, மார்க்கத்திற்குப் புறம்பு, படிப்பைக் கெடுக்கும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யாம் தேடிப் பார்த்தோம். யாம் ஓதிய கிதாபுகளிலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வை ஓதாத ஆலிம் யார்? ஹிஜ்ரி 505இல், கி.பி. 1111இல் மறைந்த அப்பெருந்தகை, உள்ளத்தைப் பயிற்றுவது பற்றிய பகுதியில் குழந்தை வளர்ப்பைக் குறித்து விரிவாக எழுதுகிறார். ஓதப் பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவனை, கல்வியின் களைப்பு நீங்கும் வண்ணம் நல்ல விளையாட்டு விளையாட விடவேண்டும் என்கிறார். அதனைத் தடுத்து ஓயாது பாடம் படிக்கச் செய்தால் அவனுடைய இதயம் செத்துப்போகும், அறிவு மழுங்கும், இறுதியில் பாடத்திலிருந்தே தப்புவதற்குத் தந்திரம் தேடுவான் என்று எச்சரிக்கிறார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. மக்தபுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைத்தெருவில் நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் நம் பிள்ளையின் உருவம் இதில் தெரியவில்லையா? கடுமையாக நடத்தப்படும் மாணவன் பொய்யும் வஞ்சகமும் கற்றுக்கொள்வான் என்று இப்னு கல்தூனும் தம் ‘முகத்திமா’வில் எழுதிவைத்தார். இவற்றையெல்லாம் பாடமாக ஓதிய நாம்தாம், அஸர் முடிந்தவுடன் மைதானத்திற்குப் போய்ப் பிள்ளைகளைக் காதைப் பிடித்து இழுத்து வந்தோம். யாமும் இழுத்து வந்திருக்கிறோம், ஒளிப்பானேன்?

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திற்கே செல்வோம். பெருநாளன்று மஸ்ஜிதுன் நபவியிலேயே அபிசீனியர் ஈட்டி வீசி விளையாடினர். அதனைத் தடுக்கக் கல்லெடுத்த உமர் (ரலி) அவர்களை நபியவர்கள் தடுத்து, அவர்களை விளையாட விடச் சொன்னார்கள் என்று புகாரியில் காண்கிறோம். கல்லெடுத்தவர் சாமானியரா? உமர்! அவர்களுடைய பேணுதலையே அந்த இடத்தில் வேண்டாமென்றார்கள் எனின், நம்முடைய பேணுதல் எம்மாத்திரம்? மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்ததும், அதில் இளைஞரான இப்னு உமர் (ரலி) கலந்துகொண்டதும் ஹதீஸ் படித்தோர் அறிந்தவையே. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்குமாறு உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. காவிரியின் கிளையாறுகள் ஊருக்கு ஊர் ஓடும் இந்நாட்டில், ஓடம்போக்கியின் கரையில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எம் இளமையில் சம்பா அறுவடை முடிந்ததும் தரிசாய்க் கிடக்கும் வயலெல்லாம் மைதானம். தாளடித் தட்டை காலைக் குத்தும், ஒருவரும் பொருட்படுத்தோம். இப்போது ஊரையொட்டிய அவ்வயல்களில் பல, கல் நட்டு மனைகளாகிவிட்டன. அந்த மனையை வாங்கியவரும் விற்றவரும் நாமே என்பதால், இதனைப் பற்றி அதிகம் பேசாதிருத்தல் நலம்!

இனி, அம்மாணவன் பத்திரிகைகளைப் பற்றிச் சொன்னதைப் பார்ப்போம். நம் திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கும் தஞ்சைக்கும் இடையே வடுவூர் இருக்கிறது. கபடிக்குப் பேர்போன ஊர். அவ்வூர்ப் பிள்ளை அபினேஷ், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். மகளிர் அணியும் தங்கம் வென்றது. சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா அதில் ஆடினார். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கிற்று. அந்த வாரம் நாளேடுகள் அவர்கள் படத்தைப் போட்டன; மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முன்னர், அவ்வூர்ப் பிள்ளைகள் மாலைதோறும் மண்ணில் புரண்ட ஆண்டுகளில், நம் வீட்டுக்கு வரும் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தில் வடுவூர் என்ற பெயரை நாம் எத்தனை முறை கண்டோம்? ‘ஜெயித்த பிறகுதான் எங்களைத் தெரிகிறது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதில் என்ன தவறு?

கிரிக்கெட்டின் மீது எமக்குப் பகையில்லை. அதனைச் சுற்றி வளர்ந்ததன் மீதே பகை. 2008இல் ஐ.பி.எல். வந்தது; பின்னாலேயே, பணம் கட்டி அணி சேர்த்துப் பரிசு பெறும் கைப்பேசி ஆட்டங்கள் வந்தன. அவ்வகை நிறுவனமான ட்ரீம் லெவனின் பெயரை 2023 முதல் இந்திய அணியின் சட்டையிலேயே கண்டோம். தமிழக அரசு 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டத்தால் தடுத்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே ‘மைஸிர்’ என்று பெயரிட்டு விலக்கிய மார்க்கம் நம்முடையது. எனினும், பிள்ளை தெருவில் பந்தடித்தால் அதட்டிய தந்தை, அவன் அறைக்குள் அமர்ந்து கைப்பேசியில் என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. ‘வீட்டோடு இருக்கிறான், நல்ல பிள்ளை’ என்று நிம்மதியடைந்தார். ஹலாலான விளையாட்டை விரட்டினோம். அந்த வெற்றிடத்தில் ஹராமானது வந்து குந்திக்கொண்டது.

உடலின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிப் பருவ வளரிளம் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் இதனைச் செய்வதில்லை என்று 2019இல் அந்நிறுவனமே வெளியிட்டது. பெண் பிள்ளைகளில் இது 85 விழுக்காடு. இந்தியாவில் சர்க்கரை நோயாளர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு கூறியது. நம் வலீமா விருந்துகளில் பந்திக்கு முன் மாத்திரை விழுங்குவோரைக் காண்பவர்க்கு ஆய்வும் வேண்டுவதில்லை.

அம்மாணவனிடம் ஒன்றில் யாம் மாறுபடுகிறோம். விளையாடினால் வேலை கிடைக்கும், லட்சங்கள் கிடைக்கும் என்றும் இடையே சொன்னான். தம்பி, அது மார்க் கணக்கின் மற்றொரு வடிவமே! வடுவூரில் ஆடும் பிள்ளைகள் எல்லோரும் பஹ்ரைன் செல்லவில்லை. பரிசு ஒருவருக்கு வரும். களைப்பு நீங்குவதும், தோற்றுப் பழகுவதும், சாதி சமயம் பாராது அடுத்த தெருப் பிள்ளையின் தோளில் கை போடுவதும் ஆடிய அனைவர்க்கும் வரும். இவ்வூர்களில் நம் பிள்ளையும் பிற சமயத்துப் பிள்ளையும் ஒன்றாய் நின்ற இடங்கள் சிலவே. மைதானம் அவற்றுள் ஒன்று. அதனை மூடிவிட்டு மேடையேறி நல்லிணக்கம் பேசுவதில் பயன் யாது?

பெண் பிள்ளைகளைப் பற்றி அம்மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததை யாம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளையின் விளையாட்டுப் பத்தாம் வகுப்பில் நின்றுபோகிறதெனில், பெண் பிள்ளையினுடையது அவள் பருவமெய்திய நாளிலேயே நின்றுபோகிறது. ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையாரும், பின்னொருமுறை நாயகமும் வென்றார்கள் என்பது அபூதாவூதில் உள்ள செய்தி. இதனை மேடையில் சொல்லி நாம் கண்ணீர் மல்குகிறோம். வீட்டிற்கு வந்து மகளை மாடிக்கு அனுப்பவும் தயங்குகிறோம்.

ஆடை என்பார்கள். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், தலையை மறைத்த ஈரான் நாட்டு மகளிர், நம் நாட்டு விளையாட்டான கபடியிலேயே இறுதியில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றனர். அவர்களுக்குப் பயிற்சியளித்த சைலஜா ஜெயின் நம் நாட்டுப் பெண்மணி! தலைத்துணியோடு காற்பந்து ஆட 2014இல் உலகக் காற்பந்துச் சங்கம் இசைவளித்தது; 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பின்ஸினா அவ்வாறே ஆடினார். இவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் கூடுமா என்ற வினா உடனே எம்மை நோக்கி வரும். சதுரங்கத்தில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பந்தயப் பணமின்றி, தொழுகை தவறாது ஆடினால் அதனை மக்ரூஹ் என்பதோடு ஷாஃபிஈ அறிஞர் பலர் நிறுத்திக்கொண்டனர். கேரத்தை அதனினும் கடுமையாகப் பேச எமக்குத் துணிவில்லை.

நியாயமான ஆட்சேபங்களும் உண்டு. முழங்காலுக்கு மேலேறிய கால்சட்டை, மஃரிப் தவறுதல், கோப்பைப் போட்டியென்று தெருச்சண்டை—இவற்றை யாமும் கண்டிருக்கிறோம். நீண்ட கால்சட்டை தைக்கத் தையற்காரர் மறுக்கப் போவதில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் அமர்ந்தால், பாங்கு சொன்னதும் ஆட்டம் நின்றுவிடும். பிள்ளைகள் வியர்வையோடு ஒளுச் செய்து முதல் வரிசைக்கே வந்து நிற்பார்கள். அவ்வாறு அமர எத்தனைப் பெரியவர்கள் ஆயத்தம்?

வருகிற ஷவ்வால் முதல் எம் மக்தபில் அஸர் வகுப்பு இல்லை. சுபுஹுக்குப் பின் நாற்பது நிமிடம், மஃரிபுக்குப் பின் நாற்பது நிமிடம் ஓதினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான மனையொன்று கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. அதனைத் திருத்தித் தரவும், வாரத்தில் மூன்று மாலைகளை மதிற்சுவருக்குள் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கவும் ஜமாஅத்தாரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. அதற்குள் இரண்டு தகப்பன்மார் வந்து, “பிள்ளை கெட்டுவிடுவானே, ஹஜ்ரத்!” என்று வருந்தினர். அவர்களுக்கு இஹ்யாவின் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினோம். ஒருவர் தலையசைத்தார். மற்றவர் மகனை டியூஷனிலிருந்து அழைத்துவர நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

போட்டிக்கென வாங்கிய பரிசு நூல்களுள் ஒன்று ஜமாஅத் அலுவலக அலமாரியில் மீந்திருக்கிறது. அது யாருக்குரியது என்று மற்ற இரு நடுவர்களுக்கும் கடிதம் எழுதியுள்ளோம்.