யாருடைய அமைதி?

"போடிப் பக்கம் இப்போது சாதிச் சண்டையே இல்லை; ஊர் அமைதியாக இருக்கிறது." பொட்டிபுரம் பக்கம் ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் கேட்கும் பேச்சு இது. 1989 கலவரத்தை அனுபவித்தவர்களுக்கு இந்த அமைதியின் அருமை தெரியும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் யாருடைய அமைதி?

கானா 1957இல் விடுதலை பெற்றது. 1966இல் இராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது. பிறகும் பல கவிழ்ப்புகள். 1992 அரசியல் சட்டத்திற்குப் பின் வாக்குச்சீட்டுதான் ஆட்சியை மாற்றுகிறது. 'நிலைத்த நாடு' என்று உலகம் பாராட்டுகிறது. கொக்கோ விளைவிக்கும் விவசாயியோ இன்றும் ஏழை.

நம் கொக்கோ, ஏலக்காய். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, இடுக்கித் தோட்டங்களில் காய் பறிக்கும் கைகள் நம் பெண்களுடையவை. போடி ஏலத்தில் விலை சொல்லும் வாய் அவர்களுடையதல்ல.

அரசியலில் சமத்துவம், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை நீக்காவிட்டால் சனநாயகமே தகரும் என்று 1949 நவம்பர் 25இல் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த முரண்பாட்டுக்கு நாம் வைத்திருக்கும் செல்லப்பெயர்தான் 'அமைதி'.

தோழர்களே, இனி யாராவது "எங்கள் ஊரில் பிரச்சினையே இல்லை" என்றால், இரண்டே கேள்வி கேளுங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? சுடுகாடு ஒன்றா, இரண்டா?