அந்த 120 ரூபாய்!

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்தான் பேர். எங்கள் மாடியில் மட்டும் இரண்டு கும்பகோணம், ஒரு பரமக்குடி, ஒரு விழுப்புரம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு உத்தியோகத்துக்காக இங்கே படுத்துக் கிடக்கும் எனக்கு 'திருச்சி ஸார்' என்று பட்டம். 'ஸார்' மரியாதைக்கு இல்லை, வயசுக்கு!

போன வருஷம் எங்கள் ரூமுக்கு ஒரு தென்காசி வந்து சேர்ந்தான். இருபத்து மூன்று வயசு. ஒரு கம்பெனி குடோனில் முதல் வேலை. பதினாறாயிரம் சம்பளம். முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒவ்வொருத்தரிடமும் காட்டினான். என்னிடம் வந்தபோது மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி, இதுல இ.எஸ்.ஐ.ன்னு போட்டு 120 ரூவா பிடிச்சிருக்காங்களே... எதுக்கு?"

"அது உண்டியல்ல போட்ட காசு மாதிரிப்பா. சாமி கணக்கு. திரும்பி வராது!" என்றேன்.

ரூமே சிரித்தது. தென்காசியும் சிரித்தான். நான் என் ஜோக்கை நானே மெச்சிக்கொண்டு தூங்கிப் போனேன்.

அந்த ஜோக்குக்காகத்தான் இந்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. பையன் டூ வீலரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். முன்னால் போன ஷேர் ஆட்டோவுக்குத் திடீரென்று ஒரு பயணி கண்ணில் பட்டுவிட்டார். சடன் பிரேக். இவன் கீழே. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் 108-க்குப் போன் போட, அரசு ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு.

மாவுக்கட்டோடு படியேறி வந்தவனைப் பார்த்து, "எந்த போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தே?" என்று கேட்டது பரமக்குடி. அதற்கும் சிரித்தோம். சிரிப்பு இரண்டு நாள்தான் தாங்கியது.

கம்பெனியில், "கை சரியானதும் வாப்பா, வேலை இருக்கு. ஆனா வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு மாதா மாதம் அனுப்புகிற ஏழாயிரம் நின்றது. மெஸ்ஸில் பாக்கி ஏறியது. பாக்கி ஏற ஏற, பையன் மெஸ் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான். கேட்டால், "பசிக்கலை அண்ணாச்சி." இருபத்து மூன்று வயசில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பசிக்கவில்லை என்றால் அது வயிற்றுக் கோளாறு இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். தண்ணீர் டாங்க் ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, காத்து வாங்கறியா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்கும் பாரம், ஒங்களுக்கும் பாரம். நான் இருந்து என்ன அண்ணாச்சி பிரயோசனம்?" என்றான்.

ஜோக் அடித்தே பிழைக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு ஸார். ஜோக் வேண்டாத இடத்தில் வாய் அடைத்துவிடும். 'சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லே' என்று சொல்லலாம். ஆனால் அவனுக்கு அது ஒன்றுமில்லாத விஷயமா? பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஆபீஸ் லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. நல்லவேளை, எங்கள் லிஃப்ட் அடிக்கடி நடுவில் நிற்கும், நம்பர் மனப்பாடம். 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த மனநல உதவி எண். காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நானே போட்டு, "தம்பி பக்கத்துல இருக்கான், கொஞ்சம் பேசுங்கம்மா" என்று கொடுத்துவிட்டு, பார்வை படுகிற தூரத்தில் போய் நின்றேன்.

பேசினான். அழுதான். மறுபடியும் பேசினான். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்து கேட்டான்: "அண்ணாச்சி, இந்நேரத்துக்குக் கடை ஏதும் தொறந்திருக்குமா? பசிக்கு."

கையேந்தி பவனில் நாலு தோசை. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாகக் கொடுத்த பில் அதுதான்.

மறுநாள் ஆபீஸில் சம்பளப் பில் போடும் அம்மாளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாதம் இருக்கிற மனுஷி. கண்ணாடியை இறக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏன் ஸார், அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?"

"120 ரூபாய் பிடிக்கிறாங்க."

"அப்புறம் ஏன் ஸார் பட்டினி கிடக்கான்?"

அதற்கப்புறம் அவர் எடுத்தது பாடம். இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது 1948-ல். திட்டம் ஆரம்பித்தது 1952-ல், கான்பூரிலும் டெல்லியிலும். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி கட்டுவது மூணேகால் ரூபாய். அதாவது தென்காசி 120 கட்டினால் அவன் பெயரில் கம்பெனி கட்டுவது 520. நான் உண்டியல் என்று கிண்டல் பண்ணிய கணக்கில் மாசா மாசம் 640 ரூபாய் விழுந்துகொண்டிருந்தது!

"வேலைக்குப் போற வழியில அடிபட்டாலும் வேலையில அடிபட்ட மாதிரிதான் ஸார். 2010-ல சட்டத்துல சேர்த்தாங்க. நேரமும் வழியும் வேலைக்குப் போனதோட பொருந்தணும், அவ்வளவுதான். டாக்டர் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும், வேலை செய்ய முடியாத நாளுக்குச் சம்பளத்துல 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாசம் கட்டியிருக்கணும்கிற கணக்கெல்லாம் விபத்துக்குக் கிடையாது."

"காய்ச்சல், மஞ்சள் காமாலைன்னு படுத்தா?"

"அதுக்கு 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். அதுக்கு மட்டும் ஆறு மாசக் கணக்குல 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். வைத்தியம் வேலையில சேர்ந்த முதல் நாள்லேர்ந்தே உண்டு. சம்பாத்தியம் இல்லாத அப்பா அம்மா பேரையும் சேர்க்கலாம். அவங்க தென்காசியில இருந்தா அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியிலேயே காட்டிக்கலாம். இதெல்லாம் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டாங்க. நாமதான் வாயைத் திறந்து கேக்கணும்."

சனிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு தென்காசியோடு கிளம்பினேன். சுலபமாக முடிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நடக்கவும் இல்லை. கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். "அதெல்லாம் நம்ம பழக்கமில்லையே" என்று இழுத்தார் மேனேஜர். "இது பழக்கமில்லே ஸார், சட்டம்" என்று அம்மாள் சொல்லிக் கொடுத்த டயலாக்கை எடுத்துவிட்டேன். வேலை செய்தது. டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். பாங்க் பாஸ்புக்கில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் கிளை அலுவலகத்துக்கு மூன்று நடை. க்யூவில் நின்று நின்று எனக்கே கால் வலி, இ.எஸ்.ஐ. எனக்குக் கிடையாது என்பதால் தைலம் என் செலவு.

ஆனால் பணம் வந்தது. பையன் முதலில் ஊருக்கு அனுப்பினான். இரண்டாவதாக மெஸ் பாக்கி. மூன்றாவதாக என் நாலு தோசைக்குக் காசு கொடுக்க வந்தான். திட்டி அனுப்பினேன்.

இதைப் படிக்கிற தம்பிகளுக்கு மூன்று விஷயம். ஒன்று, சம்பளச் சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பொதுவாகப் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் இந்தத் திட்டத்தில் வரும். 2017-லிருந்து சம்பள வரம்பு 21,000. பத்து இலக்க இன்ஷூரன்ஸ் நம்பர் உங்களுக்கு இருக்கிறதா, பிடித்த பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம்.

இரண்டு, 21,000-க்கு மேல் வாங்கும் கனவான்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். உங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸ் எதற்கெல்லாம் உதவும் என்று தெரியுமா? அப்படியே, உங்கள் ஆபீஸ் வாசலில் சல்யூட் அடிக்கும் செக்யூரிட்டித் தம்பிக்கும் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மூன்று, மனசு தாங்காத ராத்திரிக்கு 14416. சென்னையில் 1986-லிருந்தே சிநேகா என்ற தொண்டு அமைப்பும் இதற்காகவே காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. கைக்கு மாவுக்கட்டு போட வெட்கப்படாதவர்கள், மனசுக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

போன மாதம் ரூமுக்கு ஒரு மன்னார்குடி வந்திருக்கிறான். அதே மாதிரி சம்பளச் சீட்டு, அதே கேள்வி: "இது எதுக்குண்ணா பிடிக்கிறாங்க?"

ரூமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தென்காசி சீட்டை வாங்கிக்கொண்டான்.

"இங்க வா தம்பி, நான் சொல்லுதேன். அண்ணாச்சிகிட்ட மட்டும் கேட்டுராத. அவுக உண்டியல்னு சொல்லிருவாக!"

இந்தத் தடவை சிரித்ததில் என் குரல்தான் பெரிசு.