எதை முதலில் செய்வது?

நம் சங்கத்திற்கெனச் செயலி ஒன்று ஆக்க முன்வந்துள்ள இளைஞர்களிடம் 40 கோரிக்கைகள் குவிந்துள்ளன: இரத்த தானம் செய்வோர் பட்டியல், வரன் விளம்பரம், விழாப் படங்கள், இன்ன பிற. எத்தனை பேரை எட்டும், எவ்வளவு பயன், எவ்வளவு உறுதி என்பவற்றைப் பெருக்கி உழைப்பால் வகுக்கும் 'ரைஸ்' முறையைச் சிலர் விழைகின்றனர். இன்னும் பிறவாத செயலிக்கு அவ்வெண்கள் ஊகமேயன்றி வேறில்லை. பலரை எட்டும் படங்களே அதில் முந்தவும் கூடும். அயலூரில் நள்ளிரவில் இரத்தம் தேடி அலையும் குடும்பங்கள் சிலவே அல்லவா?

1994இல் டாய் கிளெக் வகுத்த 'மாஸ்கோ' முறையையே நாம் ஏற்போம். (உருசியத் தலைநகருக்கும் இதற்கும் உறவில்லை.) கட்டாயம், அவசியம், இருந்தால் நலம், இம்முறை இல்லை என நான்கு பிரிவுகள். கட்டாயமானவை மொத்த உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பர். இரத்த தானப் பட்டியல் முதற் பிரிவு. வரன் விளம்பரம் நான்காவது. செயற்குழுவினர் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.