காரை எங்கே விடுவது? சேவை மையமா, பட்டறையா?



சென்ற வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் பாடத்திட்டத்தைப் பற்றியோ கோப்புகளைப் பற்றியோ யாரும் பேசவில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் தம் காரை நிறுவனத்தின் சேவை மையத்தில் விட்டு எடுத்து வந்திருந்தார். அதற்கான கட்டணச் சீட்டு மேசைமேல் கிடந்தது. தொகை 742 ரிங்கிட் 60 சென். "இதையே பட்டறையில் விட்டிருந்தால் நானூறு வெள்ளியில் முடிந்திருக்கும், டீச்சர்" என்றார் ஒருவர். "நானூறில் முடித்துவிட்டுப் பின்னால் நாலாயிரம் கட்டவா?" என்றார் மற்றொருவர். ஓய்வு நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் வழக்கு தீரவில்லை. இரு பக்கமும் பட்டு அனுபவித்தவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

(மகிழுந்து என்றே எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், பட்டறையில் போய் மகிழுந்து என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் கார்தான்.)

முதலில் அந்தச் சீட்டை வரிவரியாகப் படித்தோம். எஞ்சின் எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, காற்று வடிகட்டி, கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் எண்ணெய் ஆகியவை எல்லாம் அந்தக் கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டியவையே. அடுத்து உழைப்புக் கூலி, அதன்மேல் சேவை வரி. இவ்வரி 2024 மார்ச் மாதம் முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன: எஞ்சின் உட்புறத்தைக் கழுவும் மருந்து, எரிபொருள் தூய்மைக் கலவை, குளிர்சாதனத்திற்குக் கிருமிநீக்கம். மூன்றும் சேர்ந்து 148 ரிங்கிட், அதாவது மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. காரோடு கொடுக்கப்பட்ட கையேட்டின் சேவை அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். இம்மூன்றும் அதில் இல்லை. "வேண்டுமா என்று கேட்டார்களா?" என்றேன். "நல்லது என்று சொன்னார்கள், நான் தலையாட்டிவிட்டேன்" என்றார் ஆசிரியை.

சேவை மையக் கட்டணம் மிகுதி என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி இந்தத் தலையாட்டலுக்கு நாம் கொடுக்கும் விலை என்பதே என் கணிப்பு. குளிரூட்டப்பட்ட அறை, காப்பி இயந்திரம், கழுத்துப் பட்டை அணிந்த ஆலோசகர். இவற்றின் முன்னால் நமக்குக் கேள்வி எழுவதில்லை. வகுப்பறையில் "ஏன்? எதற்கு?" என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கும் நாம்தான் அங்கே வாய்மூடிக் கையெழுத்திடுகிறோம். கையேட்டின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள்" என்று சொன்னால் அவர்களும் மறுப்பதில்லை. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சேவை மையத்துக்குப் போகவே வேண்டாமா? அவ்வாறு நான் சொல்லவில்லை. இன்று நம் நாட்டில் விற்கும் பெரோடுவா, புரோட்டோன் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்தாண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. குறித்த காலத்தில், குறித்த இடத்தில் சேவை செய்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவாதத்தோடு ஒட்டி வரும் நிபந்தனை. கியர்பாக்ஸ் ஒன்று பழுதானால் ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆண்டுக்கு முன்னூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தப்போய் அந்தப் பாதுகாப்பை இழப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. உத்தரவாதம் உள்ளவரை சேவை மையம்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இந்த நிபந்தனை நியாயமானதுதானா என்பது வேறு கேள்வி. அண்டை நாடான சிங்கப்பூரில் போட்டித்தன்மை ஆணையம் இதைக் கையில் எடுத்தது. அதன் விளைவாக, வெளிப்பட்டறையில் சேவை செய்தால் உத்தரவாதம் இரத்தாகும் என்ற விதியைக் கார் விற்பனை நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டில் நீக்கிக்கொண்டன. வெளிப்பட்டறையின் தவற்றால்தான் பழுது நேர்ந்தது என்றால் மட்டும் அவர்கள் மறுக்கலாம். நியாயமான ஏற்பாடு இது. நாம் இங்கே நம் கையேட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து நடந்துகொள்ள வேண்டியதுதான்.

உத்தரவாதம் முடிந்த பிறகும் ஒரு காரியத்திற்குச் சேவை மையத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு என்று ஒன்று வரும். தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகளை நினைவிருக்கும். அதன் ஊதுகருவி வெடித்து இரும்புத் துண்டுகள் பாய்ந்து பல நாடுகளில் உயிர்கள் போயின. மலேசியாவிலும் 2014இல் ஒரு பெண் உயிரிழந்தார். அந்த உதிரிபாகத்தை நிறுவனங்கள் இலவசமாகவே மாற்றித் தருகின்றன. நீங்கள் எங்கே எண்ணெய் மாற்றினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பழைய கார் வாங்கி ஓட்டும் பெற்றோர்களே, உங்கள் காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து ஒருமுறை விசாரித்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை.

இனிப் பட்டறைக் கதைக்கு வருகிறேன். என் பள்ளி வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 2016ஆம் ஆண்டில் அப்போதிருந்த காரின் உத்தரவாதம் முடிந்தது. முடிந்த மறுமாதமே சாலையோரப் பட்டறை ஒன்றில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றினேன். சேவை மையத்தைவிட 90 ரிங்கிட் குறைவு. பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதத்தில் கார் மேட்டில் ஏறும்போது துள்ளத் தொடங்கியது. என் கார் சிவிடி வகை. அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. ஊற்றப்பட்டதோ சாதாரண ஆட்டோ கியருக்கு உரியது என்று பிறகு பிரித்துப் பார்த்தவர் சொன்னார். செலவு 2,900 ரிங்கிட். பழைய பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "சரியான எண்ணெய்தான் ஊற்றினேன்" என்றார். என்னிடம் இரசீது இல்லை, டப்பா இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கேட்டு வாங்காதது என் பிழை.

இரசீது இருந்திருந்தால் வழி இருந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குவோர் தக்க கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனத்துக்கு மட்டுமல்ல, தாமான் பட்டறைக்கும் அது பொருந்தும். பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. இன்று 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் வெறுங்கையோடு போய் என்ன பேசுவது?

அந்தக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தவர் என் பழைய மாணவர். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். யூபிஎஸ்ஆர் தேர்வு நடந்துகொண்டிருந்த காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பையன். பெற்றோர் சந்திப்பு நாளில் அவன் தந்தையிடம், "இப்படியே போனால் இவன் பட்டறைக்குத்தான் போவான்" என்றேன். ஒரு தண்டனையைப் போல அதைச் சொன்னேன். அவர் கியாட்மாராவில் சேர்ந்தார், மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலைவரை முடித்தார், ஒரு சேவை மையத்தில் ஆறாண்டு வேலை செய்தார், பிறகு கடைவரிசையில் சொந்தப் பட்டறை திறந்தார். "அங்கே வேலை பார்த்த அதே கைதான் சார் இது. பெயர்ப்பலகைதான் வேறு" என்றார்.

அன்று அவர் கூலியாக 450 ரிங்கிட் கேட்டார். இரண்டு நாள் வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "வாத்தியாருக்குக் கொஞ்சம் குறைக்கக்கூடாதா, தம்பி?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் 100 ரிங்கிட்டைக் குறைத்துக்கொண்டார். உதிரிபாகத்தின் விலையை அவரால் குறைக்க முடியாது. அது அவர் கடையிலிருந்து வாங்குவது. குறைக்கக்கூடியது அவருடைய இரண்டு நாள் மட்டுமே. வீட்டுக்கு வந்தபின்தான் அது எனக்கு உறைத்தது. சேவை மையத்தில் தேவையில்லாத மருந்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பேசாமல் வந்தவன், எண்ணெய்க் கறை படிந்த கைக்கு உரியதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம். பட்டறை வேலை மலிவாக இருக்க வேண்டும், ஆனால் சேவை மையத் தரத்தில் இருக்க வேண்டும் என்றால் எப்படி? கூலியை வெட்ட வெட்ட, மலிவான எண்ணெய்க்கும் போலி உதிரிபாகத்துக்கும்தான் பட்டறைக்காரரைத் தள்ளுகிறோம். போலி எண்ணெய் விற்றுப் பிடிபட்டோர் பற்றிய செய்திகள் நாளேட்டில் வராமலா இருக்கின்றன?

அந்த ஆசிரியையின் கேள்விக்கு நான் கொடுத்த பதில் இது: உத்தரவாதம் முடியும்வரை அங்கேயே விடுங்கள், அட்டவணையில் இல்லாததற்குத் தலையாட்டாதீர்கள். முடிந்தபின், சான்றிதழ் பெற்ற ஒருவரின் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள். எந்த எண்ணெய், எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தருபவரிடம் கூலியில் கைவைக்காதீர்கள். மின்சாரக் கார், கலப்பின மின்கலம், மென்பொருள் தொடர்பான கோளாறு என்றால் மட்டும் இன்னும் சில காலத்துக்குச் சேவை மையமே நல்லது. தேவையான கருவிகள் எல்லாப் பட்டறைகளிலும் இல்லை.

போன மாதம் என் மாணவரின் பட்டறைக்குப் போனபோது புதிதாக அச்சடித்த இரசீதுப் புத்தகம் ஒன்று மேசைமேல் இருந்தது. பாகம், விலை, கூலி, அடுத்த சேவைக்கான கிலோமீட்டர் என்று தனித்தனிக் கட்டங்கள். கூலி 120 ரிங்கிட் என்று எழுதி நீட்டினார். எண்ணிக் கொடுத்தேன். பழைய 100 ரிங்கிட்டையும் சேர்த்து வைத்தேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. மிச்சப் பணமாக அதைத் திருப்பித் தரப் பார்த்தார்.