‘வேண்டா’ எனும் உரிமை

அயலானை நோக்கி ‘வேண்டா’ என முழங்கிய தலைவன், தன் மக்கள் தன்னிடம் அச்சொல்லையே சொன்னால் பொறுப்பானா? விடுதலையை அளக்கும் கோல் இதுவே. மேற்கு ஆப்பிரிக்கக் கினி நாட்டின் செக்கூ தூரே இதில் பாதியே தேறினார்.

1958 செப்டம்பர் 28இல் நடந்த வாக்கெடுப்பில், பிரெஞ்சுத் தலைமையமைச்சர் தெகோல் நீட்டிய கூட்டமைப்பை, அவர்தம் ஆப்பிரிக்க ஆட்புலங்களுள் கினி மட்டுமே மறுத்தது. 100க்கு 95 பேருக்கு மேல் ‘வேண்டா’ என்றனர். அக்டோபர் 2இல் விடுதலை பிறந்தது. சினந்த பிரெஞ்சியர் தொலைபேசிகளையும் பிடுங்கிச் சென்றனர். தூரே பணிந்தாரல்லர்; 1968 முதல் பள்ளிகளில் நாட்டு மொழிகளை அரியணை ஏற்றினார். போற்றத்தக்க செயல்கள் இவை!

ஆயின், கொனாக்ரி நகரின் போய்ரோ சிறையில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தவரும் அவரே. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதற் பொதுச்செயலாளராயிருந்த தியாலோ தெல்லி, 1977இல் அங்கே உணவும் நீரும் மறுக்கப்பெற்று மாண்டார்.

1984 மார்ச்சு 26இல் தூரே மறைந்தார். எட்டே நாளில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். பள்ளிகளில் மீண்டும் பிரெஞ்சு அமர்ந்தது. தாய்மொழிக் கல்வி அவர் கொடுமையோடு சேர்த்தே தூக்கியெறியப்பட்டது!

அச்சத்தில் ஊன்றிய நன்மை வேர்விடாது. மொழியுரிமை நிலைக்க வேண்டின், மறுத்துப் பேசும் உரிமையும் உடன் நிலைக்க வேண்டும்.